வாய்ஸ் நோட்டை எழுத்தாக்க எந்த ஆப் நல்லது? பேச்சில் பாதி மலையாளம், மலையில் டவரும் இல்லை

கம்பமெட்டு ரைட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கம்பம், வேலை வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவன். தோட்டம் ஒரே துண்டாக இல்லை, அங்கங்கே பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கங்காணி. சாயங்காலம் எடை போட்டு முடித்ததும் யார் யார் வேலைக்கு வந்தார்கள், எந்தப் பக்கம் எடுப்பு நடந்தது, ஒவ்வொருவருக்கும் பச்சைக்காய் எத்தனை கிலோ, எங்கே மருந்து அடித்தார்கள், எந்த மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகப் போட்டுவிடுவார்கள். டைப் அடிக்கச் சொன்னால் முடியாது என்கிறார்கள். அதுவும் நியாயம்தான், மழையில் ஊறிய கை, விரலெல்லாம் காய்க்கறை, கீழே ஜீப்காரர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி நிற்பார்.

நான் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டிலும் எடைப் புத்தகத்திலும் ஏற்றுகிறேன். இப்போதைக்குச் சமாளிக்கலாம், ஆனால் ஆகஸ்டுக்கு மேல் எடுப்பு சூடு பிடித்தால் ராத்திரித் தூக்கம் போச்சு.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கங்காணிகள் தமிழில் ஆரம்பிப்பார்கள், மேனேஜர் பெயர் வாயில் வந்ததும் பேச்சு மலையாளத்துக்குத் தாவிவிடும், கிலோ சொல்லும்போது திரும்பத் தமிழுக்கு வரும். ஒருவர் ஆனக்கரை மலையாளி, அவர் எங்களுக்காகத் தமிழ் பேசுகிறார், அது இரண்டுமாக இருக்கும். டவர் ஸ்டோர் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு காட்டும். முதலாளி மாதச் சந்தா கட்ட மாட்டார். பிளே ஸ்டோரில் முதலில் கண்ணில் பட்ட ஓர் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன், தமிழ் உண்டு என்று எழுதியிருந்தது, வந்ததோ ஆங்கில எழுத்தில் தமிழ், மூன்று நிமிஷம் தாண்டியதும் காசு கேட்டது. உருப்படியாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பால்சங்கம் கொழிஞ்சாம்பாறை:

ரைட்டர் அண்ணே, நம் கதையும் அதேதான். சித்தூர் தாலுகாவில் பால் சங்கக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுகிறேன். தலைவர் மலையாளத்தில் தொடங்குவார், உறுப்பினர்கள் தமிழில் கேள்வி கேட்பார்கள், சண்டை வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் போட்டுப் பாருங்கள். காது கேளாதவர்களுக்காக 2019இல் வந்தது, அமெரிக்காவில் காது கேளாதோருக்கென்றே இருக்கும் கல்லாடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் உண்டு, காசு கிடையாது. நமக்கு இதில் பிடித்த விஷயம், முதல் மொழி, இரண்டாம் மொழி என்று இரண்டை வைத்துக்கொண்டு ஒரு தட்டில் மாற்றலாம். தலைவர் வாயைத் திறந்தால் மலையாளத்துக்கு ஒரு தட்டு, கேள்வி வந்தால் தமிழுக்கு ஒரு தட்டு. அதுவாக மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும், கை அதிலேயே இருக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு நெட் வேண்டும். இது ஒலியைச் சேமிக்காது, எழுத்து மட்டும்தான், அதுவும் செட்டிங்ஸில் போய்ச் சேமிக்கச் சொல்லியிருந்தால்தான். அதனால் நான் எப்போதும் இரண்டு போன் வைப்பேன், ஒன்றில் போனோடு வந்த சாதாரண ரெக்கார்டர், இன்னொன்றில் இது. உங்களுக்கு வருவது ஏற்கெனவே பதிவான வாய்ஸ் நோட்டு என்பதால் ஒரு போனில் ஓடவிட்டு இன்னொரு போனைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். பார்க்கக் கோமாளித்தனமாகத் தெரியும், ஆனால் அமைதியான அறையில் பரவாயில்லாமல் வரும்.

தென்மலை ரயில்:

எதற்கு இத்தனை பாடு? வாட்ஸ்அப்பிலேயே வாய்ஸ் மெசேஜை எழுத்தாகக் காட்டும் வசதி வந்துவிட்டதே.

போடி ஏலக்கடை:

வந்தது, ஆனால் 2024 நவம்பரில் அறிவித்தபோது ஆண்ட்ராய்டில் ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன் என்று கைவிரலில் எண்ணக்கூடிய மொழிகள்தான் இருந்தன, தமிழுக்கு இடமில்லை. உங்கள் போனில் சாட்ஸ் செட்டிங்ஸில் போய் மொழிப் பட்டியலைப் பாருங்கள், தமிழ் இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள், போனுக்குள்ளேயே நடக்கிற வேலை, வெளியே எதுவும் போகாது.

ரைட்டர் தம்பிக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நானும் உங்கள் தொழில்காரன்தான், ஏலம் எடுக்கும் பக்கம். ஸ்பைசஸ் போர்டு இ-ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது, சாம்பிளைப் பார்த்துக்கொண்டே லாட் நம்பர், நிறம், எத்தனை எம்எம், பிளவு காய் எவ்வளவு என்று எனக்கு நானே முணுமுணுத்துப் பதிவு செய்துகொள்வேன், வீட்டுக்கு வந்து எழுத்தாக்குவேன். அதற்கு விஸ்பர்.

விஸ்பர் என்பது ஆப் இல்லை, ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்ட மாடல், பேச்சை எழுத்தாக்கும் மூளை மாதிரி. அதை வைத்து ஆளாளுக்கு ஆப் செய்திருக்கிறார்கள். மாடல் கோப்பை ஒரு தடவை கீழே டவர் இருக்கும்போது இறக்கிக்கொண்டால் அப்புறம் நெட்டே வேண்டாம், மலை மேலும் ஓடும். மாடலில் பல அளவு உண்டு: டைனி 75 எம்பி, ஸ்மால் அரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, மீடியம் ஒன்றரை ஜிபி, லார்ஜ் 3 ஜிபி பக்கம். டைனியும் அதற்கு அடுத்த அளவான பேஸும் தமிழுக்கு உதவாது, இறக்கவே இறக்காதீர்கள். போனில் ஸ்மால், ஸ்டோரில் பில் போடும் கம்ப்யூட்டர் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் அதில் மீடியம். தமிழ் ஆங்கிலத்தைவிட மெதுவாகத்தான் வரும், ஏனென்றால் ஆங்கிலச் சொல்லை அது முழுசாக ஒரே கடியில் துப்புகிறது, நம் ஒவ்வோர் எழுத்தையும் பல துண்டாக உடைத்து ஒட்டவைக்கிறது. ராத்திரி போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள்.

இப்போது உங்கள் முக்கியச் சிக்கல். விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டுகளாகத்தான் கேட்கும். மொழியைச் சொல்லாமல் விட்டால் பொதுவாக முதல் 30 விநாடியை வைத்து இது இன்ன மொழி என்று முடிவு கட்டி, கடைசி வரை அந்த மொழியிலேயே எழுதும். உங்கள் கங்காணி ‘சாரே, இன்னு…’ என்று தொடங்கினால் அத்தோடு முடிந்தது, பின்னால் வரும் தமிழும் மலையாள எழுத்தில் வரும். அதனால் ஆட்டோவில் விடாதீர்கள், தமிழ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். நடுவில் வரும் மலையாளம் தமிழ் எழுத்தில் அரைகுறையாக வரும், நமக்குப் படித்தால் புரியும்.

மலையாளத்தில் வைத்து ஓட்டலாமே என்று கேட்பீர்கள். அதில் ஒரு கூத்து இருக்கிறது. விஸ்பரைப் பழக்கியது மொத்தம் 6,80,000 மணி நேர ஒலியில், அதில் பெரும்பகுதி ஆங்கிலம். ஓப்பன்ஏஐ கட்டுரையின் கடைசியில் மொழிவாரிப் பட்டியல் உண்டு, தமிழுக்கு 136 மணி நேரம், தெலுங்குக்கு நாலு சொச்சம், மலையாளத்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை. இந்திக்கே 12தான். அது முதல் வெளியீட்டின் கணக்கு, பிறகு வந்த லார்ஜ் வி3 கூடுதல் ஒலியில் பழகியது. ஆனாலும் போனில் ஓடும் ஸ்மால் அந்தப் பழைய பட்டியலில் வளர்ந்த பிள்ளை. ஆக, ஆனக்கரைக்காரர் பேச்சை இதில் தமிழாக வைத்து ஓட்டினாலே தேவலாம்.

மலையாளமும் ஒழுங்காக வேண்டும் என்றால் ஐஐடி மெட்ராஸில் ஏஐ4பாரத் குழு 22 அட்டவணை மொழிகளுக்கும் பேச்சு மாடல் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, மறந்துவிடாதீர்கள். பேச்சே இல்லாத இடத்தில் விஸ்பர் சும்மா இருக்காது. கங்காணி பட்டனை அமுக்கிக்கொண்டே யோசித்தால், அந்த மௌனத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அதுவே எழுதும், இல்லையென்றால் ஒரே வரியைப் பத்துத் தடவை திரும்ப எழுதும். இது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. கூலிக் கணக்கில் இது விளையாட்டில்லை.

நகரி தறி:

நான் ஆந்திரா எல்லை, நகரி பக்கம். இங்கே ஏகாம்பரகுப்பம், புத்தூர் எங்கும் விசைத்தறிதான், ஆர்டர் பேசுவது முழுக்க வாய்ஸ் நோட்டில், தமிழும் தெலுங்கும் தண்ணீரும் பாலுமாக இருக்கும். போடி அண்ணன் மாடலைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் மைக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தறி ஓடுகிற ஷெட்டில் நின்று பேசிய நோட்டை எந்த மாடலுக்குக் கொடுத்தாலும் ஒன்றும் வராது. மனுஷக் காதுக்கே வராது.

புளூடூத் இயர்போனில் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக் ஓடும்போது பழைய புளூடூத் 8 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குரலை நசுக்கி அனுப்பும், நல்லது என்றால் 16. விஸ்பர் எதிர்பார்ப்பதே 16. எட்டில் வந்தால் ச, ஸ, ஷ எல்லாம் ஒன்றாகிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண வயர் இயர்போன், மைக்கைக் காலரில் செருகிக்கொண்டால் போதும், காற்று அடித்தால் அதன் மேல் ஸ்பாஞ்சுத் துண்டு. அதுவும் இல்லையென்றால் போனின் அடிப்பக்கத்தை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக ஊதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் போனை ரொட்டித் துண்டு மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்துப் பேசுகிறார்கள், ப வரும் இடத்திலெல்லாம் புஸ் என்று காற்றுதான் பதிவாகும்.

மலை மேல் எடை போடும் இடம் தகர ஷெட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மழை பெய்தால் அதற்குள் நின்று பேசாமல் ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசச் சொல்லுங்கள், இன்ஜினை அணைத்துவிட்டு.

பழைய நோட்டு:

எனக்கு இதெல்லாம் வேண்டாத வேலையாகத் தெரிகிறது. கணக்கு என்பது எண். எண்ணைப் பேசி, அதை மெஷின் கேட்டு, அதை நீங்கள் திருத்தி, எதற்கு? கங்காணி எடைச் சீட்டு எழுதுவார்தானே, அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஜிட்டல் தராசாக இருந்தால் தராசு முகத்தையே போட்டோ எடுக்கலாம்.

கம்பமெட்டு ரைட்டர்:

பழைய நோட்டு ஐயா சொல்வது சரி, சீட்டு உண்டு. மழைக்காலத்தில் அந்தச் சீட்டை நீங்கள் பார்க்க வேண்டும், பென்சில் கரைந்து, ஓரம் கிழிந்து, பாதிப் பெயர் காணாமல் போயிருக்கும். அதோடு சீட்டில் எடை மட்டும்தான் இருக்கும், யார் மதியத்தோடு போனார், எந்தப் பக்கம் ஏலச்செடியின் தட்டை (தண்டு) அழுகிக் கிடக்கிறது என்பதெல்லாம் வாயில்தான் வரும். மேனேஜர் கேட்பது அதைத்தான்.

விஸ்பர் வைத்து ஓர் ஆப் இறக்கி, ஸ்மால் மாடலைத் தமிழில் ஓட்டினேன். பேச்சு ஆச்சரியமாகப் பாதிக்கு மேல் படிக்கிற மாதிரி வந்தது. இரண்டு இடம் உதைக்கிறது. ஒன்று பெயர்கள், முத்துப்பேச்சி, ஈஸ்வரி, காளியம்மாள் எல்லாம் தினம் ஒரு வேஷத்தில் வருகிறார்கள். அடுத்தது எண். ஒம்பது, அம்பது, எம்பது மூன்றும் அதற்கு ஒன்றுதான் போலிருக்கிறது. அரை, கால், முக்கால் அதைவிட மோசம், ‘பதினேழரை’ என்று சொன்னால் ‘பதினேழு அறை’ என்று எழுதிவைக்கிறது. தங்கும் அறையா கன்னத்தில் விடும் அறையா தெரியவில்லை.

போடி ஏலக்கடை:

ஹாஹா. இரண்டுக்கும் வழி உண்டு.

பெயருக்கு, நல்ல ஆப்பாக இருந்தால் இனிஷியல் பிராம்ப்ட் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் உங்கள் ஆட்களின் பெயரையும் தோட்டத் துண்டுகளின் பெயரையும் கமா போட்டு எழுதிவைத்தால் அந்த எழுத்துக்கூட்டல் பக்கம் சாயும். ஊரையே எழுத முடியாது, 224 டோக்கன்தான் கொள்ளும் (டோக்கன் என்பது முன்னே சொன்ன அந்த உடைந்த எழுத்துத் துண்டு), தமிழ் அதைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் ஒரு கங்காணிக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வசதிக்குப் பெயரையே விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுக்கலாமே என்று தோன்றும், தோட்டத்தில் ஏற்கெனவே நம்பர் இருக்கலாம், ஆனால் எண்ணே தகராறாக இருக்கும்போது ஆளையும் எண்ணாக்கினால் எது ஆள் எது கிலோ என்று குழம்பும். பெயரே இருக்கட்டும்.

எண்ணுக்கு மாடலைத் திருத்த முடியாது, பேசுகிறவர்களைத் திருத்துங்கள். ஒவ்வோர் எடையையும் இரண்டு விதமாகச் சொல்லச் சொல்லுங்கள், ‘அம்பது, அஞ்சு ஜீரோ’. ‘பதினேழரை, ஒண்ணு ஏழு புள்ளி அஞ்சு’. நாங்கள் ஏலத்தில் லாட் நம்பரை இப்படித்தான் சொல்லிக்கொள்வோம். அப்புறம் கடைசியில் கங்காணி மொத்த எடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் தனித்தனி எடையைக் கூட்டிப் பாருங்கள், மொத்தத்தோடு ஒத்துவந்தால் அந்த நோட்டைக் கேட்கவே வேண்டாம், ஒத்துவராவிட்டால் மட்டும் கேளுங்கள். வித்தியாசம் 41 என்றால் எங்கோ ஒம்பது அம்பதாகியிருக்கிறது, அரை கிலோ என்றால் ஓர் ‘அரை’ விழுந்திருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

நீளமான ஒரே நோட்டாகப் போட வேண்டாம். ஆள் எடை ஒரு நோட்டு, மருந்து மோட்டார் விவகாரம் தனி நோட்டு. முதல் நோட்டில் தமிழ் மட்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள், இரண்டாவதில் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

பால்சங்கம் கொழிஞ்சாம்பாறை:

மொத்தத்தைச் சொல்லச் சொல்வது நல்ல யோசனை, எங்கள் லிட்டர் கணக்குக்கும் ஆகும்.

யாரும் சொல்லாத ஒன்று: நேரில் நீளமாகப் பதிவு செய்கிறவர்கள் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும், நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள். சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று திரை அணைந்ததும் ரெக்கார்டரையும் தூங்கவைத்துவிடும், பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக வைத்தாலும் 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் ஒரு மணி நேரம் 115 எம்பிதான்.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்:

தோட்டத் தொழிலாளர் பக்கமிருந்து ஒரு வார்த்தை. எழுத்தாகிவிட்டது என்று வாய்ஸ் நோட்டை அழித்துவிடாதீர்கள். ‘நான் அன்றைக்கு இருபத்தெட்டு கிலோ எடுத்தேன், பதினெட்டுதான் போட்டிருக்கிறீர்கள்’ என்று ஓர் அக்கா வந்து நின்றால் மெஷின் எழுதியதைக் காட்டிப் பேச முடியாது, கங்காணி குரலைத்தான் போட்டுக் காட்ட முடியும். கூலி கொடுத்து, கணக்கு முடிந்து, யாருக்கும் பிரச்சினை இல்லை என்று ஆகும் வரை ஒலி இருக்க வேண்டும். இலவசம் என்று சொல்லிக் கோப்பை வெளியே அனுப்பிச் செய்யும் ஆப்களில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அத்தனை பெண்களின் பெயரும் கூலியும் அதில் இருக்கிறது. போனுக்குள்ளேயே ஓடுவது என்றால் சரி.

கம்பமெட்டு ரைட்டர்:

எல்லோருக்கும் நன்றி. செக்போஸ்ட் அண்ணன் சொன்னது சரி, போன வருஷம் இங்கே அப்படி ஒரு பேச்சு வந்தது, நல்லவேளை நோட்டு போனிலேயே இருந்தது. தேதி வாரியாக ஒரு போல்டர் போட்டு வைக்கப் போகிறேன்.

கங்காணிகளிடம் பேசிவிட்டேன். இரண்டு தடவை சொல்வதற்கு ஒருவர் மட்டும் முனகினார், ‘எனக்கு ஒரு தடவை சொல்லவே நேரமில்லை’ என்று, மற்றவர்கள் சரி என்றார்கள். ஆனக்கரைக்காரர் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறேன் என்கிறார், ஃபிஃப்டி, நைன் என்று. தமிழில் வைத்து ஓட்டினால் அது எப்படி வரும்?

போடி ஏலக்கடை:

பெரும்பாலும் 50, 9 என்று இலக்கமாகவே போட்டுவிடும், நம் ஒம்பது அம்பதுக்கு அது எவ்வளவோ மேல். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி மட்டும் உதைக்கும், அதற்கும் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று சொல்லச் சொல்லுங்கள். முனகுகிறவரிடம் கடைசி மொத்தத்தை மட்டுமாவது வாங்கிவிடுங்கள்.